கால் ஊன்றாத ஓட்டம்

சண்டிலிப்பாயில் ஒரு செத்த வீட்டுக்குப் போன இடத்தில்தான் இராசநாயகம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, மாசி மாதம். பிரேதம் எடுக்க இன்னும் நேரமிருந்தது. பந்தலுக்குள் ஆண்கள் வெற்றிலையை மென்றபடி யுத்தத்தில் வழியடைபட்ட குடாநாட்டிலிருந்து கிளாலிக் கடல் தாண்டும் வள்ளங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பறைமேளம் சற்று ஓய்ந்தபோது தோட்டங்களுக்கு அப்பாலிருந்து ஒரு எஞ்சின் சத்தம் வந்தது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். ஒவ்வோர் அடியாக, அவசரமில்லாமல், நெஞ்சுக்குள் விழுகிற மாதிரி அடித்தது.

இராசநாயகம் கதிரையை விட்டு எழும்பினார். பக்கத்திலிருந்தவர் என்னவென்று பார்த்ததற்கு, "ஒருக்கால் வெளியிலை போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் இறங்கிப் புகையிலைத் தறைகளின் வரம்பு வழியே சத்தம் வந்த திக்கில் நடந்தார்.

கிணற்றடியில், பனங்குற்றிகளால் அடித்த ஒரு சட்டத்தின் மேல், முன்சில்லு கழற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. பின்சில்லில் ரயர் இல்லை. அந்த இடத்தில் ஒரு தோல் பட்டி ஓடி, நிலத்தில் பூட்டியிருந்த பம்பைச் சுழற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூடேறாமலிருக்க ஈரச்சாக்கு ஒன்றைப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் எண்ணெய்க் கறுப்பும் செம்மண்ணும் ஒரு விரல் தடிப்புக்குப் படிந்திருந்தன. ஆனாலும் மேலே தூக்கி வளைத்த புகைக்குழாயையும், ஒடுங்கிய தாங்கியையும், நிலத்திலிருந்து உயர்ந்து நின்ற எஞ்சினையும் கண்டவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. பி.எஸ்.ஏ. வண்டி. தெருவில் ஓடுவதற்கென்று செய்ததல்ல அது. மலையிலும் கல்லிலும் ஆற்றிலும் ஏற்றி இறக்குவதற்கென்று சீமையில் செய்தது.

தோட்டக்காரன் கதிரவேலு மண்வெட்டியோடு வந்தான். "என்னையா, செத்த வீட்டுக்கு வந்தனீங்களே?"

"உது எங்கையிருந்து வந்தது?"

"உதோ? என்ரை அண்ணை மலைநாட்டிலை ஓவசியரா இருந்தவர். அங்கையிருந்து றெயில்லை போட்டுக் கொண்டு வந்தவர். அவர் போனாப்பிறகு மாட்டுக்கொட்டிலுக்கை கிடந்தது. என்ரை பம்ப் பழுதாப்போச்சு, சாமான் எடுக்க வழியில்லை. அதுதான் இப்பிடிப் பூட்டிக் கிடக்கு."

"முன்சில்லு?"

"கிடக்கு. கொட்டில் வளையிலை தொங்குது."

இராசநாயகம் சூடான எஞ்சினை உள்ளங்கையால் தொட்டார். கையை எடுக்க மனமில்லாமல், சுடச்சுட வைத்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு அறுபது வயது.

இருபத்தைந்து வயதில் அவர் பண்டாரவளையில் நிலம் அளக்கும் சேவையராக இருந்தார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஒரு போட்டி வைப்பார்கள். வேகப் போட்டி அல்ல. ஆற்றுப் படுக்கை, வழுக்குப் பாறை, மரவேர் மண்டிய சரிவு என்று இடம் பார்த்துக் கயிறு கட்டியிருப்பார்கள். அந்தக் கயிறுகளுக்குள்ளால், கால் நிலத்தில் படாமல், எஞ்சின் நின்றுவிடாமல் மறுகரை போய்ச் சேரவேண்டும். மெல்லப் போகலாம், நடப்பதைவிட மெல்லவும் போகலாம். ஆனால் கால் ஊன்றினால் புள்ளி போய்விடும். வெள்ளைக்காரருக்குள் ஒரேயொரு யாழ்ப்பாணத்துப் பெடியனாக நின்று, இரண்டு வருடத்துச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய பழைய பி.எஸ்.ஏ.யில், அவர் ஒரு மாரிகாலம் முழுக்கக் கால் ஊன்றாமல் ஓடினார். கோப்பை ஒன்றும் கொடுத்தார்கள். பின்னர் ஒரு இடமாற்றத்தில் அது எங்கோ தொலைந்துபோனது.

பிறகு மானிப்பாயில் கலியாணம் பேசினார்கள். பெண்ணின் தகப்பன் ஆழ்வாப்பிள்ளை, அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். "தம்பி, மற்றதெல்லாம் எங்களுக்குச் சம்மதம். மோட்டச் சைக்கிள் ஓடுற பழக்கத்தை விட்டிடும். என்ரை பிள்ளையை வெள்ளைச் சீலையிலை பாக்க நான் வளர்க்கேல்லை." இராசநாயகம் திரும்பிப் போன கிழமையே வண்டியை ஒரு துரைக்கு விற்றார். குருநாகல், மட்டக்களப்பு, புத்தளம் என்று நாடெல்லாம் வேலை பார்த்து, எண்பத்து மூன்றில் கலவரத்தோடு உடுத்த உடுப்புடன் கப்பலேறி, மனைவி ஊரான மானிப்பாயில் வந்து அடங்கியபோதும், அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் கதைத்ததில்லை. மனைவி கமலாவதியிடமும்கூட. கோபம் மட்டும் எங்கோ அடியில் கிடந்தது. மாமன் செத்து எரிந்த பிறகும் அது எரியவில்லை. சில நாட்களில், காரணம் இல்லாமல், கமலாவதி வைத்த கறியில் உப்பில்லை என்று சோற்றுக்கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புவார்.

செத்த வீட்டுக்கு மறுநாளே சைக்கிளை மிதித்துக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போய், வண்டியை விலைக்குக் கேட்டார்.

"காசோ?" என்று கதிரவேலு சிரித்தான். "காசைக் கிணத்துக்கை விட்டாத் தண்ணி வருமே ஐயா? எனக்கு இறைக்க ஒரு மெசின் வேணும். புகையிலை வாடிப்போனா நான் என்ன செய்யிறது?"

இராசநாயகத்தின் வீட்டுக் கிணற்றில் ஒரு சின்ன யப்பான் பம்ப் இருந்தது. மகள் நோர்வேக்குப் போகுமுன் வாங்கித் தந்தது. மண்ணெண்ணெய் கொஞ்சம் போதும். பொருளாதாரத் தடை வந்து கடைகள் வெறுமையான நாளிலிருந்து, கத்தரியும் மிளகாயும் வாழையும் பயிற்றையுமாக அந்த வீட்டைச் சாப்பிட வைத்தது கமலாவதியின் வளவுத் தோட்டம். அதைப் பச்சையாக வைத்திருந்தது அந்தப் பம்ப்.

அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மாட்டு வண்டில் பிடித்து அதை ஏற்றினார். மத்தியானம் அதே வண்டில் மோட்டார் சைக்கிளுடன் திரும்பி வந்தது.

கமலாவதி கிணற்றடிக்குப் போய், பம்ப் இருந்த சீமெந்துக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலுக்கு வந்து வண்டிலில் இருந்த இரும்புக் குவியலைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ. எனக்கு நாரி நோகுதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"துலாவிலை நான் இறைச்சுத் தருவன்."

"எத்தினை நாளைக்கு?"

அவர் ஒரு கிழமை இறைத்தார். பிறகு காலையில் எழும்பி நேரே வண்டி நின்ற கொட்டிலுக்குள் போகத் தொடங்கினார். துலாக் கயிற்றைக் கமலாவதி பிடித்தாள். ஒரு கையை நோகிற இடுப்பில் ஊன்றிக்கொண்டு அவள் இழுப்பதை அவர் கொட்டிலுக்குள் இருந்து காண்பார். கண்டுவிட்டு, ஸ்பனரை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி இருப்பார்.

வண்டியை உயிர்ப்பிக்க மூன்று மாதம் சென்றது. ரயருக்கு நல்லூர், செயினுக்குச் சுன்னாகம், பிளக்குக்குக் கொக்குவில் என்று திரிந்தார். பெற்றோலுக்குக் குருநகர் சிமியோனைப் பிடித்தார். கடல் வழியாக வரும் பெற்றோலைப் பழைய சாராயப் போத்தல்களில் மறைவாக விற்பவன் அவன். ஸ்ரார்ட் பண்ணும்போது காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தக் காலத்தில் குடாநாட்டில் ஓடிய எல்லாம் அப்படித்தான் ஓடின.

அவருடைய சந்தோசத்தைக் கண்டு சந்தோசப்பட்டது செல்வநாயகி மட்டும்தான். கமலாவதியின் தங்கை, பக்கத்து வளவில் தனியே இருந்தாள். புருசன் எண்பத்தேழில் செல் குண்டு விழுந்து செத்தவர். ஒரே மகன் ஜெர்மனியில். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தாள். எதைச் சொன்னாலும் சிரிப்போடுதான் சொல்லுவாள். முதன்முதலாக எஞ்சின் அடித்த அன்று கொட்டில் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகை நிறைந்து, கமலாவதி குசினிக் கதவைச் சாத்திக்கொண்டபோது, செல்வநாயகி வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"அத்தான், உங்கடை முகம் கலியாண வீட்டிலைகூட இப்பிடி இருக்கேல்லை."

"உனக்கு அப்ப பதினைஞ்சு வயது. நீ என்னத்தைக் கண்டனி?"

"எல்லாம் கண்டனான். என்னை ஒருக்கா ஏத்திக்கொண்டு போங்கோ."

"இதிலை ஒராளுக்குத்தான் இடம்."

"ஒராளுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?" என்றாள். இரண்டு நாளில் பழைய சீலைத் துண்டுக்குள் இலவம்பஞ்சு அடைத்து ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்தாள். "பின்னாலை ஒரு கரியரைப் பூட்டி இதைக் கட்டுங்கோ அத்தான். ஆபத்து அந்தரத்துக்கு ஆரையெண்டாலும் ஏத்தலாம்."

அவள் சொன்ன ஆபத்து அந்தரம் உடனேயே வந்தது. எதிர்வீட்டுத் தம்பிராசாவின் தாய்க்கு நெஞ்சு நோவு. இராசநாயகம் அந்த மனிசியை மெத்தையில் இருத்தி, தன் முதுகோடு சேர்த்துச் சால்வையால் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மனிசி பிழைத்துவிட்டது. தம்பிராசா அவரது கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்று மாலை அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு ஒழுங்கைத் தெரு முழுக்க அவரைத் தேடி வரத் தொடங்கியது. காய்ச்சல், வயிற்றுக் குத்து, பிள்ளைப்பேறு. பிறகு அந்தியேட்டிக் கிரியைக்கு ஐயரை ஏற்றிவர. பிறகு கலியாண மாலை எடுக்க. ஆட்கள் கேட்பதில் பிழையில்லை என்று அவருக்குத் தெரியும். மண்ணெண்ணெய்க்கு அவரவர் ஏதோ கொடுக்கவும் செய்தார்கள். ஆனால் காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு புறப்படும் நேரத்தில் வாசல் படலையில் ஒருவர் நிற்பார். மாலையில் இன்னொருவர் நிற்பார். முப்பத்து மூன்று வருடம் காத்திருந்து வாங்கியது, வாடகைக் கார் ஓடுவதற்கா என்று அவருக்குள் கசந்துகொண்டு வந்தது. மாமன் ஒருத்தன் மறித்தான். இப்போது ஊரே மறிக்கிறது என்று நினைத்தார்.

ஒருநாள் படலையில் நின்றவரிடம், "பெற்றோல் முடிஞ்சுபோச்சு. இனி வரேக்கைதான்" என்றார். அது பொய். அவருடைய அறையில், பழைய சேவையர் பெட்டிக்குப் பின்னால் முக்கால் போத்தல் பெற்றோல் இருந்தது. பொய் இவ்வளவு சுலபமாக வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒழுங்கை அதை நம்பியது. கமலாவதியிடமும் அதையே சொன்னார்.

அதன்பிறகு அவர் ஓடப் போகும் நாட்களில் வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போவார். யாராவது கேட்டால், "வேலை கிடக்கு, பாக்கக் குடுக்கப் போறன்" என்பார். ஒழுங்கை முடிந்து, பனங்காணி தாண்டி, ஆளில்லாத இடத்தில்தான் ஸ்ரார்ட் பண்ணுவார். சண்டிலிப்பாய்க்கு அப்பால், கல்லுடைத்துக் கைவிட்ட ஒரு பெரிய பள்ளம் இருந்தது. சுண்ணாம்புக் கல் படிபடியாக வெட்டுப்பட்டு, அடியில் பழைய மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். அதுதான் அவருக்குப் பண்டாரவளை. தண்ணீருக்குள் இறங்கி, இரண்டு பாறைக்கிடையில் வளைந்து, மூன்று படி ஏறி மேலே வரவேண்டும் என்று தனக்குத்தானே ஒரு பாதை வகுத்துக்கொண்டார். மணிக்கட்டு விறைக்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டாம் படியில் கால் ஊன்றிவிடுவார். விழுந்து முழங்கையை உரசிக்கொண்டு வருவார். கமலாவதி காயத்தைக் காண்பாள், கேட்கமாட்டாள்.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பாரம் குறையட்டும் என்று கரியரையும் செல்வநாயகி தைத்த மெத்தையையும் கழற்றி விறாந்தையில் வைத்தார். "பிளக் மாத்தக் குடுத்திட்டு வாறன்" என்று கமலாவதியிடம் சொல்லிவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போனார். வேலிக்கு அங்காலே செல்வநாயகி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அது சரிவந்தது. தண்ணீருக்குள் இறங்கும்போதே தெரிந்தது. கைப்பிடியை அவர் பிடிக்கவில்லை, அது தானாகவே அவர் கைக்குள் நின்றது. பாறை இடுக்கில் வண்டி நின்றுவிடும் போலிருந்த இடத்தில், மூச்சுப் பிடித்து, உடலை இடப்பக்கம் ஒரு சொட்டுச் சரித்தார். எஞ்சின் ஒவ்வோர் அடியாக அடித்து அவரைத் தூக்கியது. முதல் படி. இரண்டாம் படி. மூன்றாம் படியில் பின்சில்லு ஒருமுறை சறுக்கிப் பிடித்தது. மேலே வெயிலுக்குள் வந்துவிட்டார். கால் எங்கும் படவில்லை. பள்ளத்தின் விளிம்பில் நின்று, ஆளில்லாத வெளியில், அறுபது வயது மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சந்தோசத்தில், பனங்காணியில் எஞ்சினை நிறுத்த மறந்துவிட்டார். ஒழுங்கை முழுக்கக் கேட்க, வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தார்.

படலைகளில் பெண்கள் நின்றார்கள். சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். அவர் கிட்ட வந்ததும் தம்பிராசாவின் மனைவிதான் முன்னுக்கு வந்தாள்.

"சேவையர் ஐயா, செல்வநாயகி அக்காவுக்குப் பாம்பு கடிச்சுப்போட்டுது. விறகு இழுக்கேக்கை. புடையன்."

"எப்ப?"

"நீங்கள் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்திலை. கமலாவதியக்கா ஓடியந்து கொட்டிலைப் பாத்தவா, வண்டி இல்லை. பெற்றோலும் இல்லையெண்டு சொன்னா. எங்கடை இவர்தான் சைக்கிள் பாரிலை வைச்சுக்கொண்டு போனவர்." அவளுடைய கண் இன்னும் அடித்துக்கொண்டிருந்த எஞ்சினில் நின்றது. "வழியிலை ரியூப் வெடிச்சுப்போச்சாம். தோளிலை தூக்கிக்கொண்டு ஓடினவராம்."

விறாந்தையில் மெத்தை வைத்த இடத்திலேயே கிடந்தது.

அவர் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். அங்கே போனபோது, வாட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் தம்பிராசா இருந்தான். சட்டை முழுக்க வியர்வை. இராசநாயகத்தைக் கண்டதும் எழும்பித் தள்ளிப்போய் நின்றான். கமலாவதி உள்ளே தங்கையின் காலடியில் நின்றாள். அவள் அவருடைய சப்பாத்தைப் பார்த்தாள். அதுவும் காற்சட்டையும் முழங்கால் வரை நனைந்து, வெள்ளைக் கல்மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

டொக்டர் இளம் பெடியன். நித்திரையில்லாத கண். "மருந்து ஏத்தியிருக்கிறம். கொஞ்சம் முந்தி வந்திருந்தா நல்லது. பாப்பம்" என்றார்.

செல்வநாயகி மூன்று நாள் இருந்தாள். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். முகம் ஊதி, பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. கமலாவதி தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தாள் என்று நினைத்துக்கொண்டு, இராசநாயகம் கட்டிலுக்குக் கிட்டப் போய் இருந்தார்.

"அத்தான், எங்கை போனனீங்கள்?" என்று கேட்டாள். குற்றம் சொல்வதுபோல் அல்ல. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"பிளக் மாத்தப் போனனான் பிள்ளை."

"மாத்தியாச்சே?"

"ஓம்."

"அப்ப வீட்டை போகேக்கை அதிலைதான் வருவன்."

அவர் நிமிர்ந்தபோது, வாசலில் கமலாவதி தேத்தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த நாள் செல்வநாயகிக்குச் சலம் போவது நின்றது. பின்னேரம் செத்துப்போனாள். ஜெர்மனியில் இருந்த மகனுக்குத் தந்தி அடிக்கவும் வழியிருக்கவில்லை. கொள்ளி வைக்க உரித்தான ஆண்பிள்ளை இல்லையென்று தம்பிராசாவே வைத்தான். அத்தான் முறையானவர் அங்கே நிற்கும்போதே அவன் வைத்ததை ஒருவரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. அவரைக் கேட்கவும் இல்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, பகல் நேரம், கமலாவதி அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அவள் அப்படி முன்னால் வந்து இருந்ததே குறைவு.

"எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"எதை?"

"பெற்றோலை."

"அறைக்கை. பெட்டிக்குப் பின்னாலை."

அவள் தலையை ஆட்டினாள். "அண்டைக்கு நீங்கள் ஓடப் போனது, சரி வந்ததோ?"

அவர் பொய் சொல்ல நினைத்தார். வரவில்லை. "ஓம். வந்தது."

"அப்பா உங்களை ஓடக்கூடாதெண்டு சொன்னது எனக்குக் கலியாணம் முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகுதான் தெரியும். அம்மா சொன்னவா. நீங்கள் ஒருநாளும் என்னட்டைக் கேக்கேல்லை. கேட்டிருந்தா ஓடுங்கோ எண்டு சொல்லியிருப்பன். எனக்கும் பின்னாலை இருந்து மலை பாக்க ஆசையாத்தான் இருந்திருக்கும்." அவள் குரல் உயரவில்லை. "நீங்கள் கேக்காமலே என்னோடை கோவிச்சுக்கொண்டு இருந்திட்டியள். இவ்வளவு வரியமும்."

அவர் எதையாவது சொல்லவேண்டும் என்று வாயெடுத்தார். அவள் எழும்பி உடுப்புகளை ஒரு பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினாள்.

"அவளின்ரை வீட்டிலை விளக்கு வைக்க ஆள் வேணும்" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனாள். அந்தியேட்டி முடிந்தது, ஒரு வருடத்து ஆட்டைத் திவசம் முடிந்தது, திரும்பி வரவில்லை. மத்தியானத்தில் வேலிப் பொட்டால் சோற்றுக்கோப்பை வரும். அதில் ஒருநாளும் உப்புக் குறையவில்லை.

இராசநாயகம் கரியரைத் திரும்பவும் பூட்டினார். படலையடியிலேயே வண்டியை நிறுத்தி வைத்தார். சிமியோனிடம் இருந்து இரண்டு போத்தல் பெற்றோல் வாங்கி, விறாந்தையில் எல்லாருக்கும் தெரிய வைத்தார். "எப்பவெண்டாலும் கூப்பிடுங்கோ" என்று வழியில் கண்டவர்களிடம் சொன்னார். அவர்கள் "ஓம், ஓம்" என்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. பேற்று வலியெடுத்த ஒரு பெண்ணை அவருடைய படலைக்கு முன்னாலேயே மாட்டு வண்டிலில் கொண்டு போனார்கள்.

தொண்ணூற்று நாலில் ஒரு காலையில் எதிர்வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. தம்பிராசாவின் சின்ன மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு. இராசநாயகம் யோசிக்கவில்லை. வண்டியை ஸ்ரார்ட் பண்ணி, ஒழுங்கையைக் கடந்து, அவர்களுடைய முற்றத்துக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

தம்பிராசா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"ஏறும் தம்பி. கெதியா ஏறும்."

தம்பிராசா அவரைப் பார்த்தான். அடித்துக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தான். "வேண்டாம் ஐயா. உங்கடை பெற்றோலை மினக்கெடுத்தாதேங்கோ" என்றான். மனைவி சைக்கிளைப் பிடித்தாள். பிள்ளையை அவளிடம் கொடுத்து, பின்னால் இருத்தி, அவன் மிதித்துக்கொண்டு போனான்.

இராசநாயகம் அந்த முற்றத்தில் நின்றார். கிணற்றடியில் இருந்த தம்பிராசாவின் தாய், அவர் முதுகில் கட்டிக்கொண்டு போன அதே மனிசி, கண் தெரியாதவள்போல் உள்ளே போய்விட்டாள். அந்தப் பிள்ளை பின்னேரமே சுகமாகத் திரும்பி வந்தது. வராமல் விட்டிருந்தால் தம்பிராசா ஆக்களிலும் ஒரு பிழை இருந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததற்காகத் தன்னை வெறுத்தார்.

அடுத்த நாள் காலை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கல்லுக்குழிக்குப் போனார். செல்வநாயகி செத்தபிறகு முதல் தடவை. அங்கே போனால் நெஞ்சு வெடிக்கும், இனி இந்தச் சனியனைத் தொட மனம் வராது, அதோடு இது ஒரு முடிவுக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் போனார். மழைக்குப் பிறகு தண்ணீர் கூடியிருந்தது. விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கினார்.

நெஞ்சு வெடிக்கவில்லை. தண்ணீர் சப்பாத்துக்குள் ஏறியபோது, பாறை கிட்ட வந்தபோது, எஞ்சின் ஒவ்வோர் அடியாக அடித்து அவரை மேலே தூக்கியபோது, எல்லாம் முன்பு இருந்தது போலவே இருந்தது. அதே இலேசு. அதே சந்தோசம். மூன்றாம் படியைத் தாண்டி வெயிலுக்குள் வரும்வரை அவருக்குச் செல்வநாயகி நினைவிலேயே இல்லை. கமலாவதியும் இல்லை. ஒருவரும் இல்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு கல்லில் இருந்தார். அப்போதுதான் அது வந்தது. செத்தவளின் நினைவு அல்ல. அவளை இவ்வளவு சுலபமாக மறக்க முடிந்ததே என்பது. அழுகை வருமா என்று பார்த்தார். வரவில்லை. இந்தப் பள்ளத்தை விட்டால் தனக்குப் போக இடம் எதுவும் இல்லை என்பதும், இங்கே வரவரத் தான் இன்னும் கெட்ட மனிதனாகத்தான் ஆகப்போவதும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தது.

வெயில் ஏறியது. வேலிப் பொட்டடியில் சோற்றுக்கோப்பை வந்திருக்கும். எடுக்க ஆளில்லாமல் எறும்பு மொய்க்கும்.

அவர் எழும்பினார். காபரேற்றருக்குள் மிச்சப் பெற்றோலைப் பீச்சி, காலை ஓங்கி உதைத்தார். வண்டியைத் திருப்பி, முன்சில்லைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து, மறுபடியும் இறங்கினார்.